நாலு மணிக்கு மூடும் கதவு

“உங்களுக்குத் தண்ணின்னா பயமாங்க?” என்று நான்கு மாதங்களுக்கு முன்பு மனைவி கேட்டபோது, தலைமையாசிரியர் செய்தித்தாளைக்கூட இறக்கவில்லை.

“எனக்கா? பயமா? நல்லா கேட்ட போ!”

“இல்ல, கடற்கரைக்குப் போனா நாங்கல்லாம் அலையில நிப்போம். நீங்க மட்டும் எங்க செருப்புக்குக் காவல் இருப்பீங்களே, அதான் கேட்டேன்.”

“யாராவது ஒருத்தர் பொறுப்பா இருக்க வேண்டாமா?”

“அப்போ சரி. கப்பல்ல டிக்கெட் போட்டுட்டேன். ஏழு நாள். கல்யாணம் ஆன இருபத்தஞ்சு வருஷத்துல நான் ஆசைப்பட்டுக் கேக்குறது இது ஒண்ணுதான்.”

ஒரு கனைப்பில் நானூறு பிள்ளைகளை நிமிர வைக்கும் தொண்டை அன்று வறண்டுபோனது. ‘வேண்டாமே’ என்ற ஒரு வார்த்தை அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இன்று மூன்று மணிக்குக் கப்பல் முனையத்தின் வாசலில் காரோடு வந்து நின்றபோதும் அது வெளியே வரவில்லை.

“சீக்கிரங்க. நாலு மணிக்குக் கதவை மூடிடுவாங்களாம்.”

அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு மணி நேரம்! அதை மட்டும் எப்படியாவது கடத்திவிட்டால், பழி கடிகாரத்தின் மேல் போய்விடும்.

கார் நிறுத்துமிடம் ஆறு மாடி. அவர் நத்தை மாதிரி ஏறினார்.

“இதோ இடம் இருக்கே!”

“தூண் இடிக்கும்.”

“அது?”

“பக்கத்து வண்டிக்காரன் ஆள் சரியில்ல.”

“வண்டியில ஆளே இல்லையேங்க!”

“அதான் சொல்றேன்.”

மூன்றாவது சுற்றில் ஒரு காவலாளி குறுக்கே வந்து கை காட்டினார். “சார், ரொம்ப நேரமா தவிக்கிறீங்க, கேமராவுல பார்த்தோம். கப்பல் பயணிகளுக்குத் தனி இடம் இருக்கு. சாவியைக் குடுங்க, நானே போட்டுடறேன்.”

“என் வண்டி வேற யார் கைக்கும்...”

“ஏழு நாளும் என் சொந்த வண்டி மாதிரி பார்த்துக்கறேன் சார்!”

சாவி கைமாறியது. மணி மூன்றரை.

“முனையம் வரைக்கும் நடப்போம். உடம்புக்கு நல்லது,” என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, எதிரே ஒரு பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. “இலவசம், ஏறுங்க!” இரண்டே நிமிடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

உள்ளே, கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பெரிய கட்டடம் போல் ஒன்று வெள்ளையாக நின்றது. அதன் அடியில் ஒரு கருநீலப் பட்டை மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. ஆழம் எவ்வளவு இருக்கும்? தலைமையாசிரியர் இரண்டடி பின்வாங்கினார்.

“ஐயையோ! ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுல விட்டுட்டேன். திரும்பிப் போயே ஆகணும்.”

“பின்னாடி திரும்பிப் பாருங்க.”

பின்னால் மருந்துக்கடை இருந்தது. டாக்டர் சீட்டு மனைவியின் போனில் இருந்தது. அதே மாத்திரை, அதே அட்டை. “தண்ணி வேணுமா சார்?” என்று கடைக்காரர் வேறு கேட்டார். தண்ணி என்ற பேச்சே அவருக்கு ஆகவில்லை.

மணி மூன்றே முக்கால். எதிரே இருநூறு பேர் நின்ற வரிசை. ஊர்ந்து போகும் என்று பார்த்தால், அது ஓட்டமாய் ஓடியது. இனி ஒரே வழிதான்.

“தலை சுத்துதும்மா,” என்று தரையில் உட்கார்ந்தார். அதில் பாதிதான் பொய்.

மறு நொடி சக்கர நாற்காலி வந்தது. “நகருங்க, நகருங்க! சாருக்கு உடம்பு முடியல!” இருநூறு பேரும் இரண்டாகப் பிளந்து வழிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறார்களே என்று அவர் கதறும் முன், தள்ளியவர் காதருகே குனிந்தார்.

“பயப்படாதீங்க சார், நேரா டாக்டர்கிட்டதான்.”

டாக்டரா! அப்படியென்றால் பரிசோதனை, ஓய்வு, தாமதம். நிம்மதியாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எங்கோ முத்திரை குத்தினார்கள். நாற்காலி ஒரு சரிவில் ஏறியது. லிஃப்ட் மணி அடித்தது. கண்ணைத் திறந்தபோது, ஜன்னலே இல்லாத சின்ன அறை, மருந்து வாசனை, சுவரில் ஒரு கடிகாரம்.

டாக்டர் பார்த்துவிட்டு, “கொதிப்பு ஏறியிருக்கு. அரை மணி நேரம் படுத்திருங்க,” என்று சொல்லிப் போனார்.

நாலேகாலுக்குத் தூரத்தில் கப்பல் சங்கு நீளமாக ஊதியது.

போய்விட்டது! தலைமையாசிரியருக்குக் கட்டிலிலிருந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ஆசையைக் கெடுத்துவிட்டோமே. அந்தச் சந்தோஷமே கசந்தது.

நாலு முப்பத்தைந்துக்கு அவரால் தாங்க முடியவில்லை.

“நீ குறுக்கே பேசாதே, நான் சொல்லி முடிச்சிடறேன். மாத்திரை, தலைச்சுத்தல், கார்ல சுத்தினது எல்லாமே வேணும்னு செஞ்சதுதான். எனக்குத் தண்ணின்னா உயிரே போயிடும். இருபத்தஞ்சு வருஷமா உன்கிட்ட சொல்ல வெக்கம். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்மா, என்னைக் கடலுக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதே. இப்படியே எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்.”

அவர் கையிலிருந்து ரத்தக் கொதிப்பு பார்க்கும் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

“எப்படி சார் போவீங்க? நாம கரையை விட்டு வந்து இருபது நிமிஷம் ஆச்சே!”