முக்கொம்பில் ஓர் அப்பிரதட்சிணம்

மனைவி ஒரு புது வித்தை கற்றுக்கொள்ளும்போது கணவன் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதை நான் கழுத்தளவு தண்ணீரில் கண்டுபிடித்தேன்.

ஸ்டெல்லா பாலக்கரைப் பெண், கணக்கு டீச்சர். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். (எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் அடித்த கூத்து இப்போது வேண்டாம்.) சில வருஷங்களுக்கு முன், முக்கொம்பில் அணைக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில், சென்னையிலிருந்து ஒரு கோச் வந்து பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத் தந்தார். நாற்பத்தைந்து வயதில் இவள் அந்த வகுப்பில் சேர்ந்தாள். சின்ன வயதில் ஆற்றுப் பக்கமே விடமாட்டார்களாம். காலையில் ஜீயபுரம் வழியாக ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பாயில் காற்று நிறைந்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

கடைசி நாள் பரீட்சை. கூட ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ஆரஞ்சு மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். தேறினால்தான் இனி கோச் துணையில்லாமல் ஓட்டலாம். அவரோ மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார், இன்னொரு வாய்ப்பு கிடையாது. காலேஜில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். படகில் அந்த ஆளாக நான் ஏறினேன். (அடம்பிடித்து ஏறினேன் என்பதே உண்மை.)

“சும்மா உட்கார்ந்திருங்க. வாயத் திறக்காதீங்க,” என்றாள் ஸ்டெல்லா.

மிதவை வரும்வரை திறக்கவில்லை. அங்கே போனதும், மிதவை இடக்கைப் பக்கம் இருக்கும்படி படகைத் திருப்பினாள் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயிலோ துளசி மாடமோ, எதையும் வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றியே வளர்ந்த உடம்பு இது.

“ஸ்டெல்லா! அப்பிரதட்சிணமா போறியே!”

“கோச் இப்படித்தாங்க சுத்தச் சொன்னாரு. அது மிதவை, பெருமாள் இல்ல!”

“எதுவா இருந்தா என்ன, வலமா போ!” என்று எழுந்து சுக்கான் கட்டையைப் பிடித்து இழுத்தேன். பாய் சடாரென்று இந்தப் பக்கம் வந்தது. வானம் தெரிந்தது, ஸ்டெல்லாவின் முறைப்பு தெரிந்தது, அப்புறம் காவிரிதான்.

லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் மிதந்தேன். அவள் திட்டவில்லை. கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று, பின்னால் சாய்ந்து படகை நிமிர்த்தினாள். பிறகு ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து என்னை அரிசி மூட்டை மாதிரி உள்ளே இழுத்துப் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குத் திரும்பவும் குதித்துவிடலாம் போலிருந்தது.

“பாக்க முடியலன்னா கண்ண மூடிக்கோங்க. நான் சுத்தத்தான் போறேன்.”

மூடிக்கொண்டேன். கையும் தானாகக் குவிந்துகொண்டது. (யாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.) படகு கரையில் மெல்ல முட்டியதும்தான் திறந்தேன்.

“ஃபெயில்தானே சார்?” என்றாள் கோச்சிடம்.

“கவிழ்ந்த படகையும் நிமிர்த்திட்டீங்க, சாரையும் ஏத்திட்டீங்க. இதுக்கு மேல என்னம்மா பரீட்சை?” என்றார் அவர். மகள் விசிலடித்தாள். ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பிடிக்காத எதற்கும் யாரும் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள், அவ்வளவுதான். மகள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதும், வேலையை விட்டதும் அப்படித்தான். போன மாதம் ஒரு பையனை அழைத்துவந்து வாசலிலேயே நின்றுகொண்டு, “அப்பா, கொஞ்சம் கண்ண மூடிக்கோங்க,” என்றாள்.

நான் ஸ்டெல்லாவைத் தேடினேன். அவள் அதற்குள் நாலு பேருக்குக் காபி போட ஆரம்பித்திருந்தாள்.