பதினான்காம் நம்பர் கணினி

“இதுவும் வேணாமா சார்?”

தலைமையாசிரியை சீதாலெட்சுமி நான்காவது விலைப்பட்டியலை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பேனாத் தாங்கி கவிழ்ந்துபோனது.

“வேணாம் டீச்சர். இதுல சவுண்டு பத்தாது,” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

“நாம வாங்கப்போறது கம்ப்யூட்டர். தீமிதிக்கு ரேடியோ செட் இல்ல.”

“பிள்ளைங்களுக்குக் காது கேக்கணுமில்ல?”

“அதுக்குத்தான் ஹெட்போன் இருக்கே.”

“ஹெட்போன்ல பேன் பரவுது டீச்சர். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு.”

பேன் என்றதும் சீதாலெட்சுமியின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. 

“சரி, ஸ்பீக்கரே வாங்குங்க. ஆனா மாசக் கடைசிக்குள்ள லேப் ரெடியா இருக்கணும். மேலிடத்துல திரும்பவும் கேட்டுட்டாங்க.”

மேலிடம் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மலேசியாவின் கிள்ளானிலுள்ள அந்தத் தமிழ்ப்பள்ளியின் மல்டிமீடியா கூடத்தில் இருபது கணினிகள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு வயது. அவற்றில் ‘சொல் தோட்டம்’ என்று ஒரு தமிழ்ப் பயிற்சி. படத்தைப் பார்த்துச் சரியான சொல்லை அழுத்த வேண்டும். பிள்ளைகள் வாங்கும் புள்ளிகள் தானாகவே பதிவாகி மாதாமாதம் மேலே போகும். பரீட்சைத் தாளில் எண்பதும் தொண்ணூறும் எடுக்கும் பிள்ளைகள், கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் சுழியம் எடுத்தார்கள். ஒரு மாதம் அல்ல, இரண்டு ஆண்டாக.

கணினிகள் கிழடாகிவிட்டன, ஒன்றை அழுத்தினால் இன்னொன்று விழுகிறது என்று சீதாலெட்சுமி முடிவு கட்டினார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவுச் சந்தை நடத்தி இருபதாயிரம் வெள்ளி திரட்டிக் கொடுத்தது. வாங்கும் பொறுப்பு கூடத்தைக் கவனித்துவந்த ஸ்டானிஸ்லாஸின் தலையில் விழுந்தது.

இருபது கணினிகளில் ஒன்று ஏன் சுழியம் எடுக்கிறது என்பது ஸ்டானிஸ்லாஸுக்கு மட்டும் தெரியும். சன்னலோரம் இருக்கும் பதினான்காம் நம்பர். அதற்குக் காரணம் அவரேதான்.

‘சொல் தோட்டத்தை’ உருவாக்கியவர் அவருடைய மனைவி டொரத்தி. அதே பள்ளியில் ஆசிரியை. பழைய மாணவன் ஒருவன் கணினி வேலையைப் பார்த்துக் கொடுத்தான். அவன் இப்போது ஆஸ்திரேலியாவில் எங்கேயோ இருக்கிறான். குரல் முழுவதும் டொரத்தியுடையது. சரியான விடையை அழுத்தினால் ‘டிங்’ என்று ஒரு மணி, அவ்வளவுதான். தவறாக அழுத்தினால்தான் டொரத்தி பேசுவார்.

“சரியா செஞ்ச பிள்ளைக்கு மணி போதும். தப்பு பண்ண பிள்ளைக்குத்தான் மனுஷக் குரல் வேணும்,” என்று அப்போது டொரத்தி விளக்கம் சொன்னார்.

முதல் தவறுக்கு, “பரவால்ல கண்ணு, அவசரப்படாத.” இரண்டாவதற்கு, “நான் இங்கதானே இருக்கேன், பயப்படாம பாரு.” தொடர்ந்து மூன்றாவதும் தவறினால் லேசாகச் சிரித்துவிட்டு, “மூணு தடவையா? பசி மயக்கமா? சாப்பிட்டியா கண்ணு?”

மூன்று ஆண்டுகளுக்கு முன் நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவமனைக்குப் போன டொரத்தி வீடு திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. ஸ்டானிஸ்லாஸைச் சாப்பிட்டாயா என்று கேட்க இந்த உலகத்தில் அந்தக் கணினியைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

தினமும் பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் வேனுக்காக நடைகூடத்தில் காத்திருப்பார்கள். இவர் கூடத்துக்குள் போய்ப் பதினான்காம் நம்பரின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, யானைப் படத்துக்குப் பூனை என்று அழுத்துவார். வாழைப்பழத்துக்கு வண்டி. குடைக்குக் குதிரை. ஐம்பத்தாறு வயது மனிதர், தமிழில் பட்டம் வாங்கியவர்.

“சாப்பிட்டியா கண்ணு?”

“இன்னும் இல்ல டொரத்தி. போற வழியில கடையில ஏதாவது தப்பாவ் கட்டி எடுத்துக்கிறேன்.”

அதன்பிறகுதான் அவரால் வீட்டுக்குப் போக முடியும். அந்தக் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்தும் பார்த்தார். ஒத்துவரவில்லை. கைப்பேசியில் அது ஓடியது, இங்கேதான் அது அவருக்குப் பதில் சொன்னது.

மற்ற பத்தொன்பது கணினிகளும் ஏன் சுழியம் எடுக்கின்றன என்பது அவருக்கே புரியவில்லை. மவுஸை மாற்றிப் பார்த்தார், வயரை மாற்றிப் பார்த்தார். வயசாகிவிட்டது, பாவம் என்று விட்டுவிட்டார்.

ஆக, வாங்குகிற கணினி எதுவாக இருந்தாலும் அதில் டொரத்தி பேச வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை விலைப்பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிரிக்பீல்ட்ஸில் கணினிக் கடை வைத்திருந்த சாதிக், ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்து கடையாகவே போட்டுவிட்டவன். பளபளவென்று ஒரு புதுக் கணினியை மேசையில் வைத்து, ஸ்டானிஸ்லாஸ் கொண்டுவந்த வட்டைப் போட்டான். திரையில் ஒரு பெட்டி வந்து ‘முடியாது’ என்றது.

“அண்ணே, இது ரொம்பப் பழைய சாப்ட்வேர். புது மெஷின் இதை மதிக்கவே மதிக்காது. நான் வேற நல்ல பாடமா போட்டுத் தரேன். கலர் கலரா இருக்கும்.”

“இதுதான் ஓடணும் தம்பி.”

“அப்ப பழைய மெஷின்தான் வாங்கணும். ஷா ஆலத்துல ஒரு ஆபீஸை மூடுறாங்க. கழுவித் துடைச்சுத் தரேன், ஒண்ணு அறுநூறு வெள்ளி. போலேயா, சரிப்படுமா?”

கடையிலிருந்த அப்படியொரு பழைய கணினியில் வட்டு ஓடியது. ஸ்டானிஸ்லாஸுக்கு உயிர் வந்தது. அந்த மகிழ்ச்சியோடு சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணனிடம் போனார். அங்கேதான் சிக்கல் இரட்டிப்பானது.

லோரிக் கம்பெனி வைத்திருந்த ராதாகிருஷ்ணன் கணக்கில் புலி.

“பழசா? புதுசுன்னு சொல்லித்தானே சார் சனங்ககிட்ட வாங்கினோம்!”

“பழசுன்னாலும் ஆபீஸ் மெஷின் தலைவரே. நல்ல கனம்.”

“விலை?”

“ஆயிரத்துக்குப் பதிலா அறுநூறு.”

தலைவரின் முகம் மலர்ந்தது. “அப்ப எட்டாயிரம் மிச்சம்! கூடத்துக்குச் சாயம் அடிச்சிடலாம்லா!”

மறுநாளே சாயம் வந்து இறங்கியது. மூன்றாம் நாள் சாதிக் தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, அந்த மெஷினுங்கள்ல ஸ்பீக்கர் கிடையாது. தனியா வாங்கணும்,” என்றான். நல்ல கனத்த ஸ்பீக்கராக ஸ்டானிஸ்லாஸ் கேட்டார். வீட்டில் ஒருவர் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கூடத்தில் கேட்குமே, அந்த அளவுக்கு. விலையைச் சொன்னான். எட்டாயிரம் சுவரில் பச்சை நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இருபது கணினிகள் பதினாறாகக் குறைந்தன.

“பதினாறா? வகுப்புல இருபது பிள்ளைங்க சார்!” என்றார் சீதாலெட்சுமி.

“பழசுல நாலை வெச்சுக்கலாம் டீச்சர்.” அவர் குரலில் ஆசை எட்டிப் பார்த்தது. “உதாரணத்துக்கு, பதினாலாம் நம்பர்.”

“பதினாலா? அதுதான் இருக்கிறதிலேயே மோசம்! ஒரு நாள்கூடச் சுழியத்தைத் தாண்டினதில்ல. அதைத்தான் முதல்ல தூக்கணும். நாலு பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து மாத்தி மாத்திச் செய்யட்டும்.”

 அது மோசமில்லை டீச்சர், நான்தான் மோசம் என்று ஸ்டானிஸ்லாஸ் எப்படிச் சொல்வார்?

வியாழக்கிழமை ராதாகிருஷ்ணனின் லோரி வந்தது. அதற்கு முன்பே சாதிக் ‘சொல் தோட்டத்தை’ நகலெடுத்துப் பதினாறிலும் போட்டு முடித்திருந்தான். பழைய இருபதும் காப்பார் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்குப் புறப்பட்டன. பதினான்காம் நம்பரை மட்டும் ஸ்டானிஸ்லாஸ் தானே தூக்கிக்கொண்டு போய் லோரியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். டொரத்தியைக் கடைசியாக வண்டியில் ஏற்றிய நாளும் அவர் இப்படித்தான் ஒரு ஓரமாக நின்றார். லோரி திரும்பி மறைந்த பிறகுதான், அதன் மவுஸ் தன் கையிலேயே இருப்பதைக் கவனித்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பச்சைச் சாய வாசனையில் எல்லோருக்கும் தலைவலி. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். டொரத்தி டீச்சரை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள். ராதாகிருஷ்ணன் ரிப்பனை வெட்டிவிட்டு முதல் கணினியில் உட்கார்ந்தார்.

டிங். டிங். டிங்.

பத்துக்குப் பத்து. தலைவர் மார்பை நிமிர்த்தினார். “நானும் தமிழ்ப்பள்ளிதான் சார்!”

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டானிஸ்லாஸ் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கிறது, சரி. குரல் வருமா? நகலெடுக்கும்போது அது விட்டுப்போயிருந்தால்? வட்டும் நகல்தான், மூலம் காப்பாரில் நசுங்கிக் கிடக்கும்.

“ஒரு சின்ன டெஸ்ட்,” என்று சொல்லி உட்கார்ந்தார்.

யானைக்குப் பூனை.

“பரவால்ல கண்ணு, அவசரப்படாத.”

கூடம் முழுவதும் டொரத்தி. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பக்கத்தில். மூன்று ஆண்டாக ஓட்டைப் பெட்டியில் கரகரப்பாகக் கேட்ட குரல், இப்போது அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி வந்தது. சுற்றி நிற்பவர்களை அவர் மறந்தே போனார். வாழைப்பழத்துக்கு வண்டி. குடைக்குக் குதிரை.

“மூணு தடவையா? பசி மயக்கமா? சாப்பிட்டியா கண்ணு?”

“இன்னும் இல்ல டொரத்தி,” என்றார் ஸ்டானிஸ்லாஸ், சத்தமாக.

ராதாகிருஷ்ணன் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீதாலெட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பத்து ஆண்டு டொரத்தியோடு ஒரே அறையில் அமர்ந்து புத்தகம் திருத்தியவர் அவர்.

ஸ்டானிஸ்லாஸ் எழுந்து முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தால் மனிதன் எங்கே பார்ப்பது?

“சரி, சரி,” என்று சீதாலெட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பிள்ளைங்க உக்காருங்க. இன்னிக்கு எல்லாரும் நூறு எடுக்கணும். புது மெஷின்!”

பதினாறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மற்ற நால்வர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். மணிச் சத்தத்துக்காகப் பெரியவர்கள் காத்திருந்தார்கள். ஒரு ‘டிங்’ வரவில்லை.

“பரவால்ல கண்ணு…”

“பரவால்ல கண்ணு, அவசரப்படாத…”

“நான் இங்கதானே இருக்கேன்…”

பதினாறு கனத்த ஸ்பீக்கர்களிலிருந்து பதினாறு டொரத்திகள் ஒருவர்பின் ஒருவராகப் பேச, பச்சைச் சுவர்கள் அதிர்ந்தன. “சாப்பிட்டியா கண்ணு?” என்று ஒரு மூலை கேட்டது. “சாப்பிட்டியா கண்ணு?” என்று இன்னொரு மூலை. புள்ளிகள் வந்து விழும் தலைமையாசிரியையின் மடிக்கணினித் திரையில் வரிசையாகச் சுழியம், சுழியம், சுழியம்.

“ஐயோ, இதுவும் கெட்டுப்போச்சா, ரோசாக்கா!” என்று அலறினார் சீதாலெட்சுமி.

“எங்கய்யா அந்த பிரிக்பீல்ட்ஸ்காரன்?” ராதாகிருஷ்ணன் சட்டைக் கையை மடித்தார்.

கதவோரம் நின்ற சாதிக் வெலவெலத்துப் போனான். “அல்லா சத்தியமா மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்க! நீங்க அழுத்துறப்ப நூறு வந்துச்சே தலைவரே!”

ஸ்டானிஸ்லாஸ் மேசைக்கு மேசை ஓடினார். மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தார், வயரை உருவிச் சொருகினார். எல்லாம் சரியாகவே இருந்தன. இதையும் தூக்கிக் காப்பாருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தபடி சன்னலோர மேசைக்கு வந்தார். அங்கே தாமரை என்ற சிறுமி உட்கார்ந்திருந்தாள். திரையில் பெரிய யானை. அவள் விரல் பூனையின்மேல் இருந்தது.

“தாமரை, யானை தெரியாதா உனக்கு?” என்றார் சீதாலெட்சுமி அழாத குறையாக.

தாமரை எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

“தெரியும் டீச்சர், ஆனா தப்பா அழுத்தினாத்தானே டொரத்தி டீச்சர் நம்மகிட்ட பேசுவாங்க, வேனுக்கு நிக்கிறப்ப நாங்க எல்லாரும் சாரைப் பாத்துத்தானே கத்துக்கிட்டோம்!”