முதுகில் டிரம், கக்கத்தில் மீன் ஹாரன்

இசை தெரியாதவர்களால் ஊருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் ஆபத்து. இருபத்து மூன்று வயதில் நான் அந்த ஆபத்தாக நடமாடிக்கொண்டிருந்தேன். கிட்டார் கொஞ்சம், மவுத் ஆர்கன் கொஞ்சம், டிரம் கொஞ்சம். எதையும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டால் கற்பனை செத்துவிடும் என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். (சோம்பேறிகளிடம் கொள்கைக்கு மட்டும் பஞ்சமே வராது.)

எங்கள் வீடு குழித்துறையில். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் குழுவுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு, நற்கருணை வாங்க எல்லாரும் கைகூப்பி வரிசையில் நடக்கிற நேரத்தில், அந்த அமைதியான பாட்டுக்குள் எனக்குத் தோன்றியதையெல்லாம் நுழைத்து வாசித்தேன். முன்னால் போனவர்கள் நின்றார்கள், பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் முட்டினார்கள். பூசை முடிந்ததும் பாட்டு மாஸ்டர் என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"நோட்டுல உள்ளத வாசிக்க ஆளு போதும் எனக்கு. ஒனக்க இஷ்டத்துக்கு வாசிக்கணும்னா வீட்டுல இருந்து வாசி, மக்கா" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். நானோ, எனக்கு இந்த ஊர் போதாது என்று முடிவு செய்தேன். அந்த வாரமே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஏதோ வெளிநாட்டுத் தெருமுனையில் ஒரு ஆள் நான்கு வாத்தியங்களை உடம்பில் கட்டிக்கொண்டு, எழுதி வைக்காமல், ஒத்திகை பார்க்காமல், நின்ற இடத்தில் தோன்றியதை வாசிக்கிறான். சுற்றிலும் ஜனம் சொக்கிப்போய் நிற்கிறது. அவன் இருபது வருஷம் பயிற்சி எடுத்திருப்பான் என்கிற சின்ன விஷயம் என் புத்தியில் ஏறவில்லை. அவனுக்கு நான்கு என்றால் எனக்கு ஐந்து என்று மட்டும் ஏறியது.

இதற்கிடையில் மஸ்கட்டில் இருந்த மாமா எனக்கு ஒரு விசா ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் கலைஞன். பெட்டி எண்ணப் போக மாட்டேன்" என்று அறிவித்தேன். (தள்ளி வைத்த தட்டைப் பத்து நிமிஷத்தில் திரும்ப இழுத்துக்கொண்டேன். அயிலை மீன் குழம்பு.)

அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். கத்துகிற ரகம் இல்லை. பழுதான எஞ்சினைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செரி. நீ தெருவுல நின்னு வாசி. இருபது பேரு கால் மணிக்கூர் நின்னாவன்னா நீ போகாண்டாம், நான் மாமன்கிட்ட சொல்லுகேன். நிக்கல்லன்னா வாயப் பொத்திட்டு பிளேன் ஏறணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன்.

"ஆனா குழித்துறையில வேண்டாம். எனக்கு மானம்னு ஒண்ணு உண்டு. புதுக்கடைப் பக்கம் போய் வாசி."

அடுத்த ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ஒத்திகை திறமை இல்லாதவர்களின் வேலை என்று சொல்லிவிட்டு, சாமான் சேர்க்கக் கிளம்பினேன். கையில் கிட்டார். கழுத்தில் கம்பி வளைத்து மாட்டிய மவுத் ஆர்கன். முதுகில் ஒரு பழைய டிரம். அதை அடிக்கிற கட்டையிலிருந்து ஒரு கயிறு என் வலது குதிகாலுக்கு. இடது காலில் சலங்கை. ஐந்தாவதாக இடது கக்கத்துக்கு ஏதாவது வேண்டும். சைக்கிள் கடையில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்று தொங்கியது. அமுக்கிப் பார்த்தேன். பாம் என்று கணீரென்று அடித்தது.

கடைக்காரர் அதைத் துடைத்துக் கையில் கொடுத்துக்கொண்டே, "எந்த ரூட்டுல போறிய?" என்று கேட்டார்.

என் இசைப் பாதையைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, "எல்லா ரூட்டுலயும்" என்றேன், வானத்தைப் பார்த்தபடி.

"எல்லா ரூட்டுக்கும் ஆளு உண்டே தம்பி. அடி வாங்கப் போறிய" என்றார் அவர்.

அந்தச் சத்தம் எங்கள் பக்கத்தில் எதற்கு அடிக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். காலையில் பெட்டி கட்டிய வண்டியில் மீன்காரர் முக்கில் வந்து நின்று பாம் பாம் என்று அடித்தால், தெருப் பெண்கள் சட்டியோடு இறங்கி வருவார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. கலை அந்த அளவுக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. புதுக்கடை ஜங்ஷன் தாண்டி, வீடுகள் நெருக்கமாக இருந்த ஒரு முக்கில், ஒரு மரத்தடியில் நின்றேன். ஆட்டோவில் வந்து இறங்கி எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளவே அரைமணி நேரம் ஆனது. கட்டி முடித்த பிறகு என் உடம்பில் சும்மா இருந்தது மூக்கு ஒன்றுதான். எதிரே சாயக்கடை பெஞ்சில் அப்பா கட்டன் சாயாவோடு உட்கார்ந்து, கையில் வாட்சைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் ஒரு ஈ காக்கை நிற்கவில்லை. பைக்கில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார், என் நெஞ்சு பூரித்தது, "தேங்காப்பட்டணம் பஸ்சு போயாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கயிறு இழுக்கிற நேரத்தில் டிரம் அடிக்கவில்லை, அடிக்க வேண்டாத நேரத்தில் இடித்தது. கிட்டார் ஒரு பாட்டும் மவுத் ஆர்கன் வேறு பாட்டும் வாசித்துக்கொண்டிருந்தன. எனக்கு வெப்ராளம் வந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் இப்படிப் போனால் அப்பா எழுந்துவிடுவார், மஸ்கட் உறுதி.

அந்தப் பதற்றத்தில் இடது கையை இறுக்கினேன். பாம்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

மறுபடி அமுக்கினேன். பாம் பாம். இன்னும் இரண்டு கதவுகள். ஒரு ஜன்னலில் ஒரு முகம். அட, ஜனங்களுக்கு இதுதான் பிடிக்கிறது! ரசிகர்களின் நாடியைப் பிடித்துவிட்டேன் என்ற மமதையில், மற்ற நான்கு வாத்தியங்களையும் பின்னால் தள்ளி, ஹாரனை முன்னால் கொண்டுவந்தேன். நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று, நடுவில் சலங்கை, அதற்கு டிரம்மின் பதில். கண்களை மூடிக்கொண்டேன். (பெரிய வித்வான்கள் மூடுவார்கள், காரணம் அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, ஆனாலும் மூடினேன்.) காலடிச் சத்தங்கள் கேட்டன. முணுமுணுப்பு கேட்டது. ஒருமுறை லேசாக ஒரு கண்ணைத் திறந்தேன். தலை தலையாகத் தெரிந்தது. உடம்பு சிலிர்த்துப்போய், மூடிய கண்ணோடு இன்னும் ஆவேசமாக ஆடினேன். இருபது நிமிஷத்துக்குக் குறையாது.

முடித்துவிட்டு இடுப்பை வளைத்து ஒரு பெரிய கும்பிடு போட்டேன். முதுகில் இருந்த டிரம் கழுத்துக்கு வந்தது. பதறி நிமிர்ந்தபோது கயிறு குதிகாலை இழுத்தது. அப்படியே பின்பக்கமாகச் சரிந்து, டிரம் மேல் மல்லாந்தேன். கைகால் நான்கும் ஆகாயத்தில். அந்த நிலையில்தான் முதன்முதலாக என் ரசிகர்களை முழுதாகப் பார்த்தேன். இருபத்தெட்டுப் பேர். பெரும்பாலும் பெண்கள். ஒருவர் விடாமல் கையில் சட்டி, சருவம், எவர்சில்வர் பாத்திரம். காலடியில் மூன்று பூனைகள்.

"ஆட்டம் முடிஞ்சா? இனி பெட்டியத் தெற. சாளை இருக்கா?" என்றார் முன்வரிசையில் நின்ற அக்கா.

"சாளையா?"

"சாளை இல்லியா? அப்ப எதுக்கு முதுகுல ஐஸ் வச்சிக் கெட்டிக் கொண்டு வந்திருக்க? நெத்திலியா?" டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "ஏட்டி, உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரில்லா கேக்குவு."

"அக்கா, நான் மீன்காரன் இல்ல. நான் இசைக் கலைஞன். இப்ப வாசிச்சேன்லா, அது..."

"மீன் இல்லியா!"

அதன் பிறகு கிடைத்ததை நான் எந்த மேடையிலும் எதிர்பார்த்ததில்லை.

"பின்ன எதுக்குலே விளிச்ச? நான் தேங்கா அரச்சி வச்சிட்டு வந்து நிக்கேன்!"

"புது மீன்காரன், வெளம்பரத்துக்கு ஆடுகான், ஆடி முடியட்டும்னுல்லா இவ்வளவு நேரம் பொறுத்தேன். எனக்க உலை வத்திப் போயிருக்கும்!"

"இவனுக்கு வீட்டுல கேக்க ஆளில்லியா?"

கேட்க ஆள் இருந்தார். சாயாவை முடித்துவிட்டு நிதானமாகச் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். இந்த இடத்தில் மானமுள்ளவன் கண்ணை மூடிச் செத்தது போலக் கிடந்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மல்லாந்த நிலையிலேயே, டிரம் மேல் கிடந்தபடி, "அப்பா! இருபத்தெட்டுப் பேரு! இருபது நிமிசம்! நான் ஜெயிச்சாச்சு!" என்று கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. விழுந்ததற்கு வெட்கமில்லை, திட்டு வாங்கியதற்கு வெட்கமில்லை. அந்தக் கத்தலுக்குத்தான் வெட்கம்.

அப்பா பதில் சொல்வதற்குள் நிஜ மீன்காரர் தாசன் அண்ணன் வண்டியில் பறந்து வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஆருலே அது எனக்க ஏரியாவுல ஹாரன் அடிச்சது? அடுத்த முக்குல நின்னு அடிச்சி அடிச்சி எனக்க கை ஓஞ்சிபோச்சி. ஒரு குஞ்சு வரல்ல!"

அப்பா அவரைக் கையமர்த்தினார். என்னைத் தூக்கி நிறுத்தி, கக்கத்திலிருந்த ஹாரனை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்.

"நீ ஜெயிச்சேன்னு சொல்லுக. நான் இல்லன்னு சொல்லுகேன். வழக்கு வேண்டாம். இந்தா, மீன் வந்தாச்சு. ஆளும் இருக்கு. மிச்சம் நாலு வாத்தியத்தையும் வாசி. நிக்கவிய நிக்கட்டும்."

வாசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. தாசன் அண்ணன் பெட்டியைத் திறந்தார். இருபத்தேழு பேரும் மூன்று பூனைகளும் அந்தப் பக்கம் போனார்கள்.

ஒரே ஒரு அக்கா மட்டும் நகரவில்லை. சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரிலேயே நின்றார். இந்தப் பாழாய்ப்போன ஊரில் ஒரு ஜீவனுக்காவது காது இருக்கிறதே! முழு மனசையும் கொட்டி அவருக்காகவே வாசித்தேன். முடித்ததும் தழுதழுத்த குரலில், "அக்கா, நீங்க போகல்லியா?" என்று கேட்டேன்.

"கடேசில போனாத்தான் வெல கொறைப்பான். அதுவரைக்கும் நீ வாசிச்சா வாசி. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

ஆனால் அன்று விலை குறையவில்லை. காத்திருந்து பசியேறிய கூட்டம் பத்து நிமிஷத்தில் பெட்டியைக் காலி செய்துவிட்டது. தாசன் அண்ணனுக்குக் கோபமெல்லாம் பறந்துபோய், ஒதுக்கி வைத்திருந்த கொஞ்சம் சாளையை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். "கொள்ளாம் தம்பி. இவ்வளவு வேகமா எனக்கு என்னைக்கும் தீந்ததில்ல. அடுத்த சனியாழ்ச்சயும் வாறியளா?" என்றார்.

அந்த அக்கா காலிப் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒனக்கு முன்னால நின்னு எனக்க மீனும் போச்சு" என்றார்.

"குடுத்துருலே. ஒனக்கு வேண்டி நின்ன ஒரே ஆளு" என்றார் அப்பா.

தெரு இசைக் கலைஞனாக நான் சம்பாதித்த முதலும் கடைசியுமான சன்மானத்தை அவர் சட்டியில் கொட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "சின்ன சாளையால்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வருகையில் அப்பா தோற்றாய் என்றும் சொல்லவில்லை, மஸ்கட் என்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னார்: "கூட்டத்த எண்ணுனியே மக்கா, கையில சட்டி இருக்கான்னு பாத்தியா?" ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை ஓரத்துக்குப் போய் வந்தது. அன்று ராத்திரிக்குள் எங்கள் சொந்தபந்தம் முழுக்கக் கதை தெரிந்துவிட்டது.

அடுத்த மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு என்னை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அத்தைமார், சித்தப்பாமார், அவர்கள் பிள்ளைகள். அம்மா அழுதாள், அத்தை அழுதாள். என் புத்தி எங்கே போகும்? எண்ணினேன். இருபத்திரண்டு பேர்.

"அப்பா, பாத்தியளா? இருபத்திரண்டு பேரு. ஒருத்தர் கையிலயும் சட்டி இல்ல" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இல்லியா? அத்தைக்கு தலவலித் தைலம். சித்தப்பனுக்கு டார்ச்சு லைட்டு. ஷைனிக்கு செண்டு. வேனுல வரும்ப எல்லாரும் ஒனக்குச் சொன்னாவளே, மறந்திட்டியா?"

ஷைனி என் தங்கை. அவள் கேட்டது செண்டு இல்லை, இரண்டு செண்டு. நான் உடைந்துபோனேன். போக மனசில்லை, பயமாகவும் இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க ஒருத்தர்தான்பா ஒண்ணும் கேக்காம நிக்கிய" என்றேன். நிஜமாகவே அழுதுவிட்டேன்.

அப்பா என் கையை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஆரு சொன்னா? ஸ்பானர் செட்டு ஒண்ணு கொண்டு வரணும். ஜெர்மன். லோக்கல் கொண்டு வந்திராத" என்றார்.

முதல் லீவுக்கு ஜெர்மன்தான் கொண்டு வந்தேன். எட்டு வருஷம் பெட்டி எண்ணினேன். அது எனக்கு நன்றாகவே வந்தது. (கற்றுக்கொண்டுதான் செய்தேன்.) இப்போது ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், யார் போட்டோவுக்கு எத்தனை லைக் விழுந்தது என்று பெருமை பேசினாலும், ஏதாவது ஒரு மூலையிலிருந்து "சட்டி எத்தன?" என்று ஒரு குரல் வரும். இந்தக் கட்டுரை அச்சில் வரப்போகிறது, ஆயிரம் பேராவது படிப்பார்கள் என்று போன வாரம் மனைவியிடம் சொன்னேன். அவள் தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவியளுக்கு மீன் எங்க இருந்து குடுப்பிய?" என்று கேட்டாள்.