தொடக்கூடாத பெட்டி

தொடவும் கூடாது, தூசியும் படக்கூடாது என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

பொன்னுத்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேசை மேலிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை அதை அங்கே வைத்தபோது பளபளவென்றிருந்தது. இப்போது மணி பதினொன்று. அதன் முதுகில் விரலால் கையெழுத்தே போடலாம், அந்த அளவுக்குக் கொத்துமல்லித்தூசி.

அருப்புக்கோட்டையில் மல்லி, வத்தல் கமிஷன் கடைக்காரர் வீட்டில் வேறென்ன இருக்கும்? முன்கட்டு கடை, பின்கட்டு வீடு, மொட்டைமாடி முழுக்க மிளகாய் வத்தல். அதிலும் மாசி மாதம், வரத்து குவிகிற நேரம். அந்த வீட்டுக் காப்பியில்கூட மல்லி வாசம் வரும்.

மாப்பிள்ளை உதயகுமாருக்கு மெட்ராஸில் மருந்துக் கம்பெனி உத்தியோகம். பொன்னுத்தாயின் ஒரே மகள் தங்கச்செல்வியோடு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து இறங்கியிருந்தார். இன்றைக்குத் திருச்சுழியில் பெரியம்மா வீட்டு விருந்து. புறப்படும்போது பெட்டியை நடு மேசையில் வைத்துவிட்டு மாமனார் மாமியாரை எதிரே நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"அத்தை, இதுக்குப் பேரு லேப்டாப்பு. கம்பெனியோடது. விலை ஒண்ணரை லட்சம். வெயில் படக்கூடாது, தண்ணி படக்கூடாது, தூசி படக்கூடாது, ஆடக்கூடாது. முக்கியமா, யாரும் தொடக்கூடாது. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிரும்."

"அப்ப கையோட கொண்டு போயிருங்களேன் மாப்ளே," என்றார் காசிராஜன். ஒண்ணரை லட்சம் என்று கேட்டதுமே அவர் மேசையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"திருச்சுழி பஸ்ஸுலயா மாமா? அந்தக் குலுக்கல்ல செத்துரும்."

தங்கச்செல்வி வாசல்படி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "அம்மா, அதத் தொட்டுறாத. நெசமாவே தொட்டுறாதம்மா," என்றாள். கண் கலங்கினாற்போல இருந்தது.

"வா செல்வி, பஸ்ஸு போயிரும்," என்று மாப்பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

மகள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பொன்னுத்தாய்க்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸி, கிரைண்டர், மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாவற்றையும் அவளே பிரிப்பாள், அவளே மாட்டுவாள். பெரும்பாலும் ஓடும். மகள் கல்யாணத்தில் மைக் கொரகொரக்கிறது என்று அதையும் பிரித்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபமே கப்சிப்பென்று ஆகிவிட்டது. 'சம்பந்தி வீட்டுல ஒரு சாமானையும் நம்பி வைக்க முடியாது போலயே' என்று மாப்பிள்ளையின் அம்மா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னது, ஆறு மாதமாகப் பொன்னுத்தாயின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இன்றைக்கு இந்தப் பெட்டியை மாப்பிள்ளை கையில் பத்திரமாக ஒப்படைத்து, அந்தப் பேச்சை அழித்தே தீர்வது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். அதனால்தான் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். மேலே துடைத்தாள். உள்ளேயும் தூசி போயிருக்குமே என்று மூடியைத் திறந்தாள். உள்ளே துடைத்தாள். துடைத்ததில் ஏதாவது கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, ஓரத்திலிருந்த பொத்தானை ஒரே ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள்.

ஒன்றும் எரியவில்லை.

இன்னொரு தரம் அமுக்கினாள். பிறகு ஒன்பது தரம் அமுக்கினாள்.

"என்னத்தப் பண்ணுன?" என்று பின்னால் காசிராஜன் குரல்.

"தொடச்சேன்."

"தொடச்சதுக்கா செத்துப்போச்சு?"

"சாகல. முழிக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"மாப்பிள்ளைக்கு வேலை போச்சு! நம்ம மானமும் போச்சு!" காசிராஜன் மூட்டை மேல் உட்காருகிற மாதிரி மேசை மேலேயே உட்காரப் போனார். அவள் பிடித்து நிறுத்தினாள்.

"அஞ்சு மணிக்குத்தான வருவாக? அதுக்குள்ள இத எரிய வைக்கிறேன். ஒரு மிசினு மனுசன் செஞ்சதுதானே?" என்று புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மாப்பிள்ளை பெட்டியோடு விட்டுப்போன பையைத் துழாவியதில் ஒரு புத்தகம் கிடைத்தது. முழுக்க இங்கிலீசு. எட்டாவது வரை படித்தவள் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, படங்களே போதும் என்று முடிவுகட்டினாள். படத்தையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒவ்வொரு உறுப்பாக அடையாளம் கண்டாள். இது கண்ணாடி, இது எழுத்துப் பொத்தான், இது கீல், இது மூச்சு விடுகிற சல்லடை, இது அடிவயிற்றில் செருகியிருக்கிற பேட்டரிக் கட்டை. வயர் ஒன்றும் இருந்தது, நடுவில் அரைச் செங்கல் கனத்துக்கு ஒரு கட்டியோடு.

"சோறு இல்லாம எப்படி எந்திரிக்கும்? கரண்டு குடுக்கணும்," என்றாள்.

இஸ்திரிப் பெட்டி செருகுகிற பிளக்கில்தான் அது சேர்ந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். அடுத்த நொடி மேலே மின்விசிறி நின்றது. எதிர்வீட்டு ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. தெருமுனை மாவுமில் சத்தமும் அடங்கியது.

"தெருக் கரண்டையே புடுங்கிட்டியே!" என்று காசிராஜன் தலையில் அடித்துக்கொண்டார்.

தினமும் பன்னிரண்டு மணிக்குப் போகிற கரண்டுதான். ஆனால் அந்த நேரத்தில் அது இரண்டு பேருக்குமே நினைவுக்கு வரவில்லை. பொன்னுத்தாய் வயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டாள். ஆனாலும் விடவில்லை.

"கரண்டு வேணாம். கட்டையில ஓடட்டும்."

"கட்டை தீந்துபோயிருந்தா?"

"நம்ம டார்ச் லைட்டுக் கட்டை தீந்தா என்ன செய்வோம்?"

காசிராஜனுக்கும் அது நியாயமாகப் பட்டது. மங்கிப்போன கட்டையை வெயிலில் காயவைத்தால் இன்னும் நாலு நாள் எரியும் என்பது அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய், வத்தலை ஒதுக்கி, நடுவில் வைத்தாள். பெட்டி மேல் வெயில் படக்கூடாது என்றுதான் மாப்பிள்ளை சொன்னார், கட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எடுக்கப் போனால் தோசைக்கல்லாகக் கொதித்தது. முந்தானையில் பிடித்துக் கீழே ஓடிவந்தாள். சூடாக மாட்டினால் உள்ளே உருகிவிடுமே என்று, பாலிதீன் பையில் சுற்றி மண்பானை மேல் வைத்து ஆறவிட்டாள். ஆறியதும் மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள்.

எரியவில்லை. போதாக்குறைக்குக் கட்டையோடு வந்த வத்தல் தூசி எழுத்துப் பொத்தான் இடுக்குகளில் சிவப்பாக இறங்கிவிட்டது. வாயால் ஊதினாள். ஊதியது அவள் மூக்குக்கே திரும்பி வந்தது. ஏழு தும்மல் போட்டாள், அத்தனையும் பெட்டிக்கு நேராக.

"சைக்கிள் பம்பு எங்க இருக்கு?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முன்கட்டில் வெளிச்சம் இருந்ததால் பெட்டியை அங்கே தூக்கிப் போனாள். பாலவனத்தம் கருத்தம்மாள் மல்லி மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு எடைக்குக் காத்திருந்தாள். தலையில் இறுக்கித் துணி கட்டியிருந்தாள். துணியையும் மீறி நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு.

"மண்டையில என்னாத்தா?" என்று கேட்டார் காசிராஜன்.

"அத ஏன் கேக்குறீக மொதலாளி. நேத்து மதுரையில மக வீட்டுக்குப் போயிட்டு வாரேன், பஸ்ஸுல எவன் சாமானோ விழுந்துருச்சு. இன்னும் கிண்ணுனு இருக்கு. சட்டுனு எடைபோட்டு அனுப்புங்க, நான் போயிப் படுக்கணும்."

"இந்தா, ரெண்டு நிமிசம்," என்று பொன்னுத்தாய் பம்புக் குழாயை எழுத்துகளுக்கு நேரே பிடித்தாள். காசிராஜன் மிதித்துப் பிடித்துக்கொண்டு அடித்தார். முதல் அடியில் தூசி பறந்தது. இரண்டாவது அடியிலும் தூசி பறந்தது. "போதும்," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூன்றாவது அடியை உயிரைக்கொடுத்து அடித்துவிட்டார். தந்திக்கம்பம் மாதிரி எழுத்து போட்டிருந்த பொத்தான் டப்பென்று எகிறி, கருத்தம்மாளின் மல்லி மூட்டைக்குள் விழுந்தது.

மூன்று பேரும் மூட்டையை எட்டிப் பார்த்தார்கள். நாற்பது கிலோ மல்லி அமைதியாக இருந்தது.

பிறகு என்ன, சல்லடைதான். காசிராஜன் சலித்தார், பொன்னுத்தாய் முறத்தில் புடைத்தாள், கருத்தம்மாள் வைதுகொண்டே கையால் துழாவினாள். சலிக்கச் சலிக்கச் சல்லடையில் தங்கியதெல்லாம் கல்.

"என்னாத்தா இது, மல்லியில இம்புட்டுக் கல்லு?"

"நீங்க எழுத்தத் தேடுறீகளா, கல்லத் தேடுறீகளா?" என்றாள் கருத்தம்மாள். காசிராஜன் கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி சலித்தார்.

மூன்றரை மணிக்கு எழுத்து கிடைத்தது. அமுக்கினால் உட்காரவில்லை, வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. பொன்னுத்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு கருவேலம்பிசினைக் கரைத்து, குச்சியால் தொட்டு ஒரே ஒரு சொட்டு வைத்தாள். ஒட்டியது. அருமையாக ஒட்டியது. பிசின் அக்கம்பக்கமும் ஓடி, சுற்றியிருந்த ஆறு எழுத்துகளையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது.

நாலரைக்குக் கரண்டு வந்தது. வயரைச் செருகி, கட்டையை மாட்டி, கடைசியாக ஒரு தரம் பொத்தானை அமுக்கினாள். மின்விசிறி சுற்றியது, மாவுமில் ஓடியது, எதிர்வீட்டு ரேடியோ பாடியது. ஊரில் எரியாதது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

"நான் சொல்றதக் கேளு," என்று காசிராஜன் குரலைத் தாழ்த்தினார். "மூடி அதே எடத்துல வச்சிருவோம். நமக்கு ஒண்ணும் தெரியாது. அவரே தெறந்து, அவரே அமுக்கி, அவரே கண்டுபுடிக்கட்டும்."

பொன்னுத்தாய்க்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள். "வேலை போகப்போறது எம்மக புருசனுக்கு. கெடுத்தது நான். நானே சொல்லுறேன். ஒளிச்சு வச்சுச் சோறு போட எனக்கு வராது."

ஐந்து மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் படியேறினார்கள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பொன்னுத்தாய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். தூசி, பொத்தான், வயர், வெயில், பானை, பம்பு, மல்லி, பிசின், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றிப் பெட்டி மேல் வைத்தாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

"இத வித்து எடுத்துக்கங்க மாப்ளே. பத்தாட்டி இன்னும் தாரேன். கம்பெனிக்காரவுக கால்ல வேணா வந்து விழுறேன். உங்க வேலை மட்டும் போயிரக்கூடாது."

மாப்பிள்ளை கத்துவார் என்று காசிராஜன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். உதயகுமார் கத்தவில்லை. பெட்டியைத் திறந்தார், பிசினைத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது.

"அழாதீங்க அத்தை. மனுசன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். வளையலெல்லாம் எதுக்கு? மாமியார் வீட்டுல தெரியாம கைபட்டுக் கெட்டுப்போச்சுன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க. கம்பெனியில நான் பேசிக்கிறேன்."

சொன்னதோடு நிற்காமல், பேப்பரை எடுத்து மளமளவென்று எழுதவும் எழுதினார். எங்கேயும் நின்று யோசிக்கவில்லை, ஒரு வார்த்தை அடித்து எழுதவில்லை. எப்பேர்ப்பட்ட மனசு, எப்பேர்ப்பட்ட படிப்பு என்று பொன்னுத்தாய்க்கு உடம்பு சிலிர்த்தது. இப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்றவள் மேலா ஆறு மாதமாகக் கோபப்பட்டோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. தங்கச்செல்வி மட்டும் ஏனோ தலையைக் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த எடத்துல கையெழுத்துப் போடுங்க அத்தை."

பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

முன்கட்டில் எடைக்குக் காத்திருந்து காத்திருந்து மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்ட கருத்தம்மாள், பேச்சுச் சத்தத்தில் விழித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். கை தானாக நெற்றிப் புடைப்புக்குப் போனது.

"ஏ தம்பி, உங்க மொகத்தப் பாத்ததுந்தான் வெளங்குது, நேத்துப் பஸ்ஸுல எம்மண்டையில விழுந்த பொட்டிதான இது? 'செத்துப்போச்சே, செத்துப்போச்சே'னு நீங்க பொலம்புனதப் பாத்து எனக்கே பாவமாப் போச்சு. பெறகு இந்தப் புள்ளைகிட்டத்தான சொன்னீக, 'கவலைப்படாத செல்வி, தொடக்கூடாதுன்னு சொல்லி உங்க வீட்டு நடுக்கூடத்துல வச்சிருவோம், மிச்சத்த உங்கம்மா பாத்துக்குருவாக'னு!"