என் குரலில் 'போடி' என்று வராது

தோ பாயோ, சிங்கப்பூர்,
வெள்ளிக்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய தமிழாசிரியர் திரு ரகுபதி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நலம். குரல் மிகவும் நலம். அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

என் எதிர்வீட்டுப் பெண் திவ்யதர்ஷினியின் பேசும் டேப்லட்டில் தமிழ்க் குரலை மாற்றலாம் என்று நீங்கள் எழுதியிருந்ததை அவள் அம்மா வித்யா என்னிடம் காட்டினாள். காட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். வகுப்புத் தோழி சுஷ்மிதா பேசிப் பதிந்தால் வயதுக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது தங்கள் யோசனை. இப்போது அதில் இருப்பது என் குரல் என்பதால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். திவ்யாவுக்குப் பிறந்ததிலிருந்தே நாக்கும் கைகால்களும் சொன்னபடி கேட்பதில்லை. அறிவு மட்டும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. சக்கர நாற்காலியில் பொருத்திய டேப்லட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். புதிதாக எதையாவது தட்டெழுதினாலும் படிக்கும். அதன் ஆங்கிலக் குரல் பரவாயில்லை. தமிழ்க் குரலோ, குழாயில் தண்ணீர் நின்று நின்று வருவதுபோல் இருந்தது. கட்டங்களுக்கு மட்டும் மனிதக் குரலைப் பதிந்துகொள்ளலாம் என்று தெரிந்ததும் வித்யா பதிய உட்கார்ந்தாள். நடுவில் அலுவலகத்திலிருந்து போன் வரும்; "பசிக்கிறது" என்ற கட்டத்தைத் தொட்டால் "பசிக்கிறது, ஹலோ, சொல்லுங்க சார்" என்று வந்தது. பொறுக்க முடியாமல் நானே முன்வந்தேன். கான்வென்டில் பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கியவள் நான். பிறகு ஓய்வு பெறும்வரை மருத்துவமனைத் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. நான் "காத்திருங்கள்" என்றால் பெரிய டாக்டர்களும் காத்திருப்பார்கள். காலஞ்சென்ற என் கணவர் ஞானசேகரனும் அப்படி இணைப்பில் காத்திருந்தவர்தான்.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வெந்நீர் குடித்துப் பதிந்தேன். 'வேண்டாம்' என்ற கட்டத்துக்கு "வேண்டாம், நன்றி." 'கொடு' என்பதற்கு "அன்புகூர்ந்து கொடுங்கள்." இந்த ஊர்ப் பேச்சில் எதற்கெடுத்தாலும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வுக்கு என் வீட்டில் இடமில்லை. திவ்யா மட்டும் 'போடி' என்றொரு கட்டம் வேண்டுமென்று தட்டெழுதிக் காட்டினாள். என் குரலில் அது வராது என்று சொல்லிவிட்டேன். அவள் அப்பா பிரபாகர் சோபாவில் இருந்தபடியே, "ஆன்ட்டி, புள்ளைங்கன்னா சண்ட போட ஒரு வார்த்தையாவது வேணாமா?" என்றார். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்றேன். அது கேட்க நன்றாக இருந்ததால் அதையும் ஒரு கட்டத்தில் பதிந்தேன்.

முதல் நாளே, குரலைச் சோதிக்க நான் பதிந்திருந்த "அனைவரும் அமருங்கள்" என்பதை அழிக்க மறந்தது உண்மை. நீங்கள் பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் அவள் அதைத் தொட, கூச்சல் போட்டுக்கொண்டிருந்த வகுப்பு உட்கார்ந்ததோடு நீங்களும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தீர்களாம். இதைவிட ஒரு குரலுக்கு என்ன சான்றிதழ் வேண்டும், தம்பி? பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருக்கும் உம்மு சல்மா, "அன்புகூர்ந்து ஒரு தட்டு மீ கோரெங் கொடுங்கள்" என்று திவ்யாவின் டேப்லட் கேட்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதோங்க டீச்சர், ஒங்களுக்குத்தான் மொதல்ல!" என்று வரிசையில் நின்றவர்களைத் தாண்டி நூடுல்ஸ் தட்டை நீட்டினாராம். மறுநாள் பாதி வகுப்பு தன் சாப்பாட்டையும் திவ்யாவைக் கொண்டே கேட்டு வாங்கியது என்றால், அதைக் கவனிக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள். நானா?

சென்ற ஞாயிறு திவ்யாவும் நானும் தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போனோம். எம்ஆர்டி ரயில் நிலைய மின்தூக்கியின் முன் கல்லுப்போல் கால்கள் உள்ள இளைஞர்கள் போனைப் பார்த்தபடி அடைத்து நின்றார்கள். திவ்யா ஒரே கட்டத்தைத் தொட்டாள். "அன்புகூர்ந்து வழி விடுங்கள்!" உள்ளே ஏறியிருந்தவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "சாரி மேடம்" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

இனி சுஷ்மிதா விஷயம். "ஏ திவ்யா, ஒன் ஸ்லைட் ரொம்ப போரிங் லா" என்று அவள் சொன்னதற்கு இவள் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்றதும் வகுப்பே சிரித்ததாம். வகுப்பு நாடகத்தில் இவள் சுஷ்மிதாவுக்குத் தங்கை. தங்கை பேசியதும் அக்கா எழுந்து நின்றுவிட்டாளாம். அன்றிலிருந்து பள்ளியில் திவ்யா டேப்லட்டின் தமிழ்ப் பக்கத்தைத் திறப்பதே இல்லை, தமிழ் வகுப்பிலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள், இப்படியே போனால் தமிழில் பேசுவதையே விட்டுவிடுவாள் என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் நியாயம். மருந்து தவறு. மரியாதையைக் கேட்டுச் சிரிக்கிற வகுப்பைத் திருத்துங்கள், குரலைத் திருத்தாதீர்கள். என் குரல் இருந்த இடத்தில் இருக்கும்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் இறைவன் நீண்ட ஆயுளும், வகுப்பில் அமைதியும் அருளட்டும்.

இங்ஙனம்,
சாமுண்டீஸ்வரி ஞானசேகரன்

பின்குறிப்பு, சனிக்கிழமை: மேலே உள்ளதை அன்புகூர்ந்து பொருட்படுத்த வேண்டாம். ஒருவர் கையில் கொடுத்தனுப்பும் கடிதத்தின் உறையை ஒட்டக்கூடாது, ஒட்டினால் கொண்டுபோகிறவரை நம்பவில்லை என்று ஆகும் என்று கான்வென்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். அப்படியே ஒட்டாமல் திங்கட்கிழமை உங்களிடம் சேர்க்கச் சொல்லி நேற்று திவ்யாவிடம் கொடுத்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்பதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தன் வீட்டு வாசல்வரை போனவள் மடியில் வைத்தே பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். வெகுநேரம் தட்டெழுதினாள். அந்தக் குழாய்த் தண்ணீர்க் குரல் படித்தது: "ஆன்ட்டி, ஒங்க வாய்ஸ் சூப்பர். அதுல பேசினா எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. ஆனா பக்கத்துல யாரும் வந்து ஒக்கார மாட்டேங்கிறாங்க."

அவள் கருத்துக்கு நன்றி சொல்லவில்லை; சுஷ்மிதாவின் போன் எண்ணைக் கேட்டேன்.

இன்று காலை சுஷ்மிதாவை வரவழைத்தேன். நல்ல பெண், சொற்களின் கடைசிப் பாதியை விழுங்குகிறாள், வெந்நீர் கொடுத்திருக்கிறேன். எல்லாம் பதிந்தாயிற்று, 'போடி'யைத் தவிர. அதற்கு மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தாள்.

"சத்தமா சொல்லும்மா."

"நீங்க இருக்கீங்களே ஆன்ட்டி, எப்படிச் சொல்றது?"

"வயித்துலேருந்து வரணும். இப்படி..."

சொல்லிக் காட்டினேன். எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு பிரபாகர் ஓடி வந்தார். திவ்யா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. சுஷ்மிதா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அதன் பிறகு சுஷ்மிதாவுக்கும் அது நன்றாக வந்தது.

என் குரலில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் திவ்யா அழிக்க விடவில்லை, மின்தூக்கிக்கு வேண்டுமாம். அதை மீண்டும் பதிந்து கொடுத்துவிட்டேன். 'அன்புகூர்ந்து' என்பதை எடுத்துவிட்டேன்.

சா. ஞா.