முடியும் என்று சொல்லும் தெரு

புதன்கிழமை, மதியம்

பெருமதிப்பிற்குரிய பெரிய மாமா அவர்களுக்கு, தங்கை மகள் பணிவுடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். முன்கூடத்துத் தையல் மெஷின்கள் இரண்டும் நலம். பின்னறையில் இருக்கும் பழைய மெஷினுக்கு மட்டும் திங்கள்கிழமையிலிருந்து கொஞ்சம் இருமல். தாங்களும் அத்தையும் தங்கள் அடுக்குமாடியின் லிஃப்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாமா, ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை உங்கள் பெரிய ஊருக்கு அழைத்துப் போவதாகப் போனில் சொன்னீர்கள். நான் “ம்” என்றேன். அது சம்மதமா, மறுப்பா, தொண்டைக் கமறலா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள். “எனக்கே தெரியலண்ணே” என்று சொல்லிவிட்டு அம்மா என்னிடம் தாளைக் கொடுத்து, “நீயே எழுதிடு, உனக்கு வாய் கையிலதான இருக்கு” என்றாள். ஆகவே தெளிவாக எழுதுகிறேன்: வருகிறேன். நாலு மாடித் துணிக்கடையின் வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் “வாங்க, வாங்க” என்று வரவேற்க நீங்கள் எனக்குப் பார்த்திருக்கும் வேலை நல்ல வேலைதான். ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் “உள்ளேன்” சொல்ல வாய் வராமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வருஷம் முழுக்க ஆப்சென்ட் ஆனவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் கடைக்குள் வருவார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், பழகிக்கொள்கிறேன். நேற்று கண்ணாடி முன்னால் நின்று எட்டு முறை “வாங்க” சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவள் திரும்பிப் போய்விடுவாள் போல இருந்தாள்.

“அந்த ஊர்ல அப்படி என்ன இருக்குன்னு அங்கயே கெடக்கறீங்க? ஒரு பஸ் ஸ்டாண்டு, ரெண்டு சிக்னல், அதுலயும் ஒண்ணு எரியாது” என்று போன முறை கேட்டீர்கள். அந்த இன்னொரு சிக்னலும் இப்போது எரிவதில்லை மாமா. அதற்குள் எங்கள் தெருவில் மட்டும் புதிதாக ஆறு பட்டறைகள் வந்துவிட்டன. எப்படி வந்தன என்று நானும் மூன்று மாதமாக யோசிக்கிறேன். போனில் சொல்ல வராததால் எழுதுகிறேன். பயணப் பைகளுக்குப் பேர்போன எங்கள் தெருவில் முழுசாக ஒரு பை செய்யத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அம்மாவுக்குக் கைப்பிடி தெரியும். எதிர்வீட்டு ஜிப் அண்ணனுக்கு ஜிப் தெரியும். லைனிங் அக்காவுக்கு உள்ளே வைக்கும் துணி, சக்கரக்காரருக்குச் சக்கரம். ஆனால் தெருவின் ஒரு கோடியில் துணி உருளையாக இறங்குவது மறு கோடியில் பையாக வண்டி ஏறுகிறது. நடுவில் யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கைப்பிடியைப் பையோடு இறுக்கும் ரிவெட் ஆணி அடிக்கும் பெரிய மெஷின் தெருவுக்கே ஒன்றுதான், லைனிங் அக்கா வீட்டில் இருக்கிறது. அங்கே வரிசையில் நின்றாலே யாருக்கு வேலை குவிந்திருக்கிறது, யார் கை சும்மா இருக்கிறது, எந்த ஊசி உடையாது, எல்லாம் காதில் விழுந்துவிடும். நான் வாயே திறக்காமல் இவ்வளவு படித்த பள்ளிக்கூடம் வேறு இல்லை. சக்கரக்காரரிடம் வேலை பார்த்தவர் சண்டை போட்டுக்கொண்டு நேர் எதிரே தனிப் பட்டறை போட்டார். மெஷின் வந்து இறங்கிய அன்று சக்கரக்காரர் வாசலில் நின்று அரை மணி நேரம் திட்டினார். பிறகு, “டேய், அப்படித் தூக்கினா இடுப்பு போயிடும்டா, இரு!” என்று ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தார். இப்போது இவருக்கு மிஞ்சும் வேலையெல்லாம் எதிர்ப் பட்டறைக்குத்தான் போகிறது. திட்டும் தவறாமல் போகிறது.

சொல்ல மறந்தேன். போன வருஷம் நீங்கள் அம்மாவுக்கு ஒரு பை வாங்கி வந்து, “இந்த மாதிரி உங்க ஊர்ல கெடைக்குமா?” என்று கேட்டீர்களே, அதன் கைப்பிடியில் ரிவெட்டுக்கு ஓட்டை போட்டது நான். மூன்றாவது ஓட்டை கொஞ்சம் கோணல். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அப்போது சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் தெருவில் யாரும் “முடியாது” என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இந்த மாதம் ஒரு பெரிய கூத்து நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார், நல்ல கனத்த உடம்பு. அறுநூறு கைப்பிடிகள், பத்தே நாளில் வேண்டும் என்றார். “முடியும்” என்றாள் அம்மா. அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் விரல் விட்டு நாளை எண்ணினாள். முந்நூறை வைத்துக்கொண்டு, மீதி முந்நூறுக்கான பட்டியை வெட்டி ஜிப் அண்ணனிடம் கொடுத்தாள். அவர் “முடியும்” என்றார். மறுநாளே அவருக்கு வேறு அவசர வேலை வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்தால் முடியாது என்று சொன்னது போல ஆகுமே என்று சக்கரக்காரரிடம் தள்ளினார். சக்கரக்காரர் வீட்டில் தையல் மெஷினே கிடையாது மாமா. அவரும் “முடியும்” என்று வாங்கிக்கொண்டு, யோசித்துப் பார்த்து, லைனிங் அக்காவிடம் சேர்த்தார். ஒவ்வொருவரும் அவரவர் சாக்கில் மாற்றிக் கட்டினார்கள். லைனிங் அக்கா சாக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ரிவெட் வரிசையில் நின்றிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். “முந்நூறு பீஸு, கைப்பிடி. எடுத்துக்கறியாடி?” என்று கேட்டார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது, ஆகவே தலையை ஆட்டினேன். எங்கள் வேலையை நாங்களே வாங்கிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. பட்டியைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். தெருவுக்கே பட்டி ஒரே கடையிலிருந்துதான் வருகிறது, எல்லாம் கறுப்பு.

அதுவரை நான் நூல் வெட்டுவதும் ஓட்டை போடுவதும்தான். நானாக வாங்கிய முதல் வேலை இது. முடித்துவிட்டு அம்மாவுக்குக் காட்டலாம் என்று பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய மெஷினில் தைத்தேன். பழைய துணியில் கை பழகுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். லைனிங் அக்காவின் பேர் என்னால் கெட்டுவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பயம். கதவைப் பூட்டிய பிறகும் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். தையலும் அப்படியே போட்டேன். முனை வரை தைத்து முடித்து, சந்தேகப்பட்டு, சாய்வாகப் பாதி தூரம் திரும்பி வந்து, மறுபடியும் போய் முடித்தேன். முந்நூறுக்கும் அப்படித்தான்.

பத்தாம் நாள் காலை வியாபாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முந்நூறுதான் இருக்கிறது. அம்மா எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

“ஜிப் அண்ணே, என் முந்நூறு எங்கண்ணே?”

“சக்கரத்துகிட்ட இருக்கும்மா, அன்னிக்கே குடுத்துட்டேனே!”

“அவருகிட்ட மெஷினே இல்லையே அண்ணே!”

“இல்லையா? முடியும்னாரே!”

இருவரும் சக்கரக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர் இவர்களோடு சேர்ந்துகொள்ள, மூவரும் லைனிங் அக்கா வீட்டுக்குப் போனார்கள். என்ன ஏது என்று தெரியாமலே இன்னும் நாலு பேர் கூட நடந்தார்கள். லைனிங் அக்கா எல்லோருக்கும் முன்னால் விடுவிடுவென்று நடந்து வந்து எங்கள் வாசலிலேயே நின்றார்.

அம்மா வாசலைப் பார்த்தாள். “இது என் வீடுக்கா.”

“எனக்குத் தெரியாதா? உன் வீட்டுலதான்டி குடுத்தேன். உன் பேசாமடந்தைகிட்ட!”

இந்தத் தெருவில் எனக்கு அதுதான் பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டு அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முந்நூறும் கட்டுக்கட்டாக இருந்தன. அம்மா சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் என் தலையில் கை வைத்தாள்.

வியாபாரி இரண்டு கைப்பிடிகளை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டி, ஒவ்வொன்றாகப் பிடித்துத் தொங்கினார். நல்ல கனம் என்று சொன்னேனே. அம்மா தைத்தது, அவர் கொடுத்த மாதிரிப்படியே தைத்தது, ‘சர்’ரென்று சத்தம் போட்டது. நான் தைத்தது என்னைப் போலவே வாய் திறக்கவில்லை. “இது யார் தச்சது?” என்றார். “நாங்கதான்” என்றார் சக்கரக்காரர். “அப்ப மிச்சமும் இதே மாதிரி வேணும். நாளைக்கு முடியுமா?” வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் என்ன சொன்னார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் பதினோரு வீட்டில் என் தையல் ஓடியது மாமா. யாரும் என்னைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தே பிடித்துக்கொண்டார்கள். ஜிப் அண்ணன், “இங்க ஒரு சுத்து கூடப் போட்டா நூல் உருவாதும்மா” என்று இன்னும் திருத்தினார். அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது, நானும் அதையே போடத் தொடங்கினேன். மறுநாள் அடுத்த தெருவுக்கும் போய்விட்டது. “மடந்தைத் தையல்” என்று பேரும் வைத்துவிட்டார்கள். ரிவெட் வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பேரைச் சொல்வதைக் கேட்டேன். “உள்ளேன்” என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் வந்தது.

இதெல்லாம் உங்கள் கேள்விக்குப் பதிலா என்று தெரியவில்லை. எப்படியும் பெரியவர்கள் பேச்சைத் தட்டக் கூடாது. என் நல்லதுக்குத்தான் இத்தனை தூரம் வருகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பையோடு வாசலில் நிற்பேன். அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிற்காத லிஃப்டோடும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு, உங்கள் ஆசியை எதிர்பார்த்துத் தலை குனிந்திருக்கும்
தங்கை மகள்

பின்குறிப்பு: பையோடு நிற்பேன் என்று எழுதினேன், அதில் ஒரு சிக்கல். என் பயணப் பையின் ஜிப் போய்விட்டதால் திங்கள்கிழமை ஜிப் அண்ணனிடம் கொடுத்தேன். “முடியும்” என்றார். அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பை இல்லாமல் எப்படி வருவது மாமா? இந்த ஞாயிறு நீங்கள் மட்டும் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நேற்று சாயங்காலம் லைனிங் அக்கா ஒரு சாக்கைக் கொண்டுவந்து, “ஒரு பைக்குக் கைப்பிடி மாத்தணும், எடுத்துக்கறியா?” என்றார். தலையை ஆட்டி வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். என் பைதான். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். பிறகு கைப்பிடியை மாற்றித் தைத்து, அடியில் சக்கரம் வைக்கச் சொல்லிச் சக்கரக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அது தோளில் மாட்டும் துணிப்பை, சக்கரம் வைக்க இடமே கிடையாது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முடியும்” என்றார்.