வரதராசுப் புலிக்குப் பல் பிடுங்க அறை தயாரான கதை

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. சிரிக்காதீர்கள். காட்டில் எல்லாருக்கும் பிழைப்பே பல்லில்தான் ஓடுகிறது. பல் போனால் புலியும் ஒன்றுதான், எலியும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் டாக்டர் கருப்பணன், கரடி. கைராசிக்காரர், தங்கமான மனுஷர். கரடியைப் போய் மனுஷர் என்கிறேன் பாருங்கள், வாய்ப்பழக்கம், விட்டுவிடுங்கள். அவருக்கு ஒரே குறை, பொறுமை கிடையாது. அவருடைய உதவியாளர் முத்துப்பேச்சி, சருகுமான். மான் சாதியிலேயே கடைக்குட்டி அது. முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் சுத்தம் என்று வந்துவிட்டால் பேச்சியை யானையாலும் அசைக்க முடியாது.

ஆஸ்பத்திரி எட்டரைக்குத் திறக்கும். பேச்சி ஏழு மணிக்கே வந்துவிடுவாள். முதலில் ஜன்னலைத் திறப்பாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் கையுறையும் முகக்கவசமும் மாட்டுவாள். மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியால் விளக்கு, நாற்காலி, தட்டு என்று மேலிருந்து கீழாகத் துடைப்பாள். அந்த ஈரம் தானாகக் காய வேண்டும், வாயால் ஊதக்கூடாது. குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரை இரண்டு நிமிஷம் திறந்துவிடுவாள். பல் பிடுங்கும் குறடு, ஊசி, சின்னக் கண்ணாடி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, உறையில் போட்டு ஒட்டி, ஆவிப் பெட்டிக்குள் வைப்பாள். உறையின் மேல் ஒரு கோடு இருக்கும். சூடு சரியாகப் பிடித்தால் கோடு கறுக்கும். கறுக்காவிட்டால் மறுபடி வேகவைக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் யாராவது எதையாவது தொட்டுவிட்டால்? முதலிலிருந்து. அதாவது ஜன்னலிலிருந்து.

"ஏம்மா பேச்சி, ஒரு துடை துடைச்சா ஆகாதா? வாசல்ல எத்தனை பேரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க பாரு!" என்பார் டாக்டர்.

"ஆகாது டாக்டர். ஒருத்தர் வாயில இருக்கிறது அடுத்தவங்க வாய்க்குப் போகக்கூடாது. நீங்க சுவத்துல ஒட்டின சட்டம்தான்."

உண்மைதான். டவுனுக்குப் பயிற்சிக்குப் போனபோது அந்தக் காகிதத்தை வாங்கிவந்து ஒட்டியவர் டாக்டரேதான். ஒட்டியதோடு அவர் வேலை முடிந்தது. படித்தவள் பேச்சி.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலையில் வரதராசு வந்தார். வரதராசு என்றால் புலி. இடது கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. டோக்கன் ஏழு எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த கணம் அந்தப் பெஞ்சில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஆஸ்பத்திரி வேலிக்குள் யாரும் யாரையும் சாப்பிடக்கூடாது என்பது சிங்கராஜாவின் ஆணை. வேலிக்கு வெளியே அவரவர் பாடு.

பேச்சி பெயர் எழுதப் பதிவேட்டோடு வந்தாள். பெஞ்சுக்கு நாலடி தள்ளியே நின்றாள். போன கார்த்திகையில் இந்த வரதராசுவின் மதியச் சாப்பாடாகப் போனது அவள் புருஷன்தான்.

"கடவாய்ப் பல்லும்மா," என்றார் புலி, பரிதாபமாக. "பதினோரு நாளா எலும்பைக் கண்டாலே கண்ணுல தண்ணி வருது. இதைப் பிடுங்கிட்டா சாயங்காலமே வேட்டைக்குக் கிளம்பிடலாம்." பிறகு அன்பாகவே விசாரித்தார். "எங்க பாறைக்குக் கீழ மேயுதே ரெண்டு குட்டி, உன்னோடதுதானே? நல்லா மொழுமொழுன்னு வளர்த்திருக்கேம்மா."

பேச்சி பதிவேட்டைப் புரட்டினாள். டாக்டர் இல்லை என்று பொய் சொல்லி அனுப்பலாம். ஆனால் 'யார் வந்தாலும் வைத்தியம் உண்டு' என்று வாசலில் போர்டு தொங்குகிறது. அதுவும் போக, பதிவேட்டில் ஒரு எழுத்துப் பொய்யாக எழுதினால் அவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. அப்படிப் பிறந்துவிட்டாள், என்ன செய்ய?

ஆறாம் டோக்கன் முடிந்தது. பேச்சி ஏழாம் டோக்கனுக்கு அறையைத் தயார் செய்தாள். ஜன்னல், கையுறை, துடைப்பு, தண்ணீர், எல்லாம் ஆயிற்று. உறையில் கோடு கறுகறுவென்று வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் காலையில் வாலை ஆட்டிக்கொண்டு மேயப் போனது கண்ணில் நின்றது. அழுகை முட்டியது. அழுதால் சொட்டு நாற்காலியில் விழும், விழுந்தால் முதலிலிருந்து துடைக்க வேண்டும், அடக்கிக்கொள் பேச்சி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டவள், சட்டென்று நிமிர்ந்தாள். என்ன சொன்னோம் இப்போது?

அடக்குவதை விட்டாள். ஒரு சொட்டு நாற்காலியில் விழுந்தது.

"டாக்டர்," என்றாள் பேச்சி, "நாற்காலி ஈரமாயிடுச்சு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

வாசலில் காத்திருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. முள்ளம்பன்றிக் கோவிந்தம்மாளுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. அறை இரண்டாம் முறை தயாராகும் நேரம் பார்த்து, கதவில் தலையை நீட்டி, காடே அதிர ஒரு தும்மல் தும்மினாள்.

"அடடா, மன்னிச்சுக்கம்மா," என்றாள்.

"பரவாயில்லக்கா. முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

மூன்றாம் முறை ஜன்னல் வழியாக ஒரு குரங்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, "இது பஸ் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போயிற்று. நான்காம் முறை யாரும் வரவில்லை. எல்லாம் தயார். பேச்சி வாசலையே பார்த்தாள். வரதராசு உள்ளே வந்தார், உட்கார்ந்தார், வலி தாங்காமல் முன்னங்காலைத் தூக்கித் தட்டின் மேல் வைத்தார்.

"தொட்டுட்டீங்களே ஐயா!" என்றாள் பேச்சி. குரலில் வருத்தம் தெரிய வேண்டும் என்று ரொம்பப் பாடுபட்டாள்.

அதற்குள் மணி ஐந்து. ஆஸ்பத்திரி மூடும் நேரம். நாளைக்குப் புது டோக்கன்.

செவ்வாய்க்கிழமை வரதராசு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஈ வந்தது. புதன்கிழமை மயில் ஒன்று விசிறிவிடுகிறேன் என்று வந்து அறை முழுக்கத் தூசி கிளப்பியது. வியாழக்கிழமை புலியே பொறுக்க முடியாமல் கேட்டார். "எதுக்கும்மா இத்தனை கழுவுறே? எல்லாம் பளபளன்னுதானே இருக்கு?"

பேச்சி நாற்காலியைத் துடைத்துக்கொண்டே விளக்கினாள். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று ஒன்று உண்டு. ஒருத்தர் எச்சிலில் அது கோடிக்கணக்கில் இருக்கும். கைப்பிடியில் ஒட்டும், குழாயில் குடியிருக்கும், கழுவாத குறட்டில் ஏறிப் பல் பிடுங்கின பள்ளத்துக்குள் இறங்கும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்தால் யானையையே சாய்த்துவிடும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

"கண்ணுக்கே தெரியாதா?" என்றார் வரதராசு.

"தெரியாது ஐயா."

வரதராசு தன் பாதத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்த எதற்கும் பயந்தவர் இல்லை அவர். தெரியாததற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று மதியம் பேச்சி கொடுத்த கேழ்வரகுக் கூழை, கிண்ணத்தைக் கழுவினாயா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் குடித்தார். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொன்னவர் யாரோ, பல்வலியோடு ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தவர் இல்லை.

இருந்தாலும் புலி புலிதானே, அரண்மனைக்கு ஒரு புகார் போட்டுவைத்தார். விசாரிக்கக் கொக்கு அதிகாரி வந்தார். ஒற்றைக் காலில் நின்று படிவம் நிரப்பினார். ஜன்னல் திறந்ததா? திறந்தது. தண்ணீர் விட்டதா? விட்டது. கோடு கறுத்ததா? கறுத்தது. ஒன்பது நாளில் முப்பத்தெட்டு முறை அறை தயாராகியிருந்தது, ஒரு முறைகூடக் குறையில்லை.

"இந்தக் காட்டிலேயே பாதுகாப்பான சிகிச்சை அறை இதுதான்," என்று கொக்கு ஒரு சான்றிதழை நீட்டினார்.

"எனக்குப் பல் பிடுங்கலையே ஐயா!" என்று கத்தினார் வரதராசு.

கொக்கு படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையே," என்றார்.

டாக்டர் கருப்பணனுக்கு அன்றைக்கு ரோஷம் வந்துவிட்டது. சான்றிதழாம், மண்ணாங்கட்டி! பத்தாம் நாள் காலையில் கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "போதும் பேச்சி! ஒரு உயிர் வலியில துடிக்குது, நீ தரையைத் தேய்ச்சுக்கிட்டிருக்கே. இன்னிக்கு நான் பிடுங்கறேன்," என்று வெறும் கையோடு உறையைக் கிழித்து உள்ளே இருந்த குறட்டை வெளியே எடுத்தார்.

பேச்சி சுவரோடு சுவராக ஒட்டிப்போனாள். டாக்டர் சொன்னதும் நியாயம்தானே. வாசலில் கோவிந்தம்மாளுக்குத் தும்மலும் வரவில்லை. பாறைக்குக் கீழே குட்டிகள் இரண்டும் மேய்ந்துகொண்டிருக்கும். குறடு வரதராசுவின் வாயருகே போயிற்று.

"நில்லுங்க டாக்டர்!"

அறையே கிடுகிடுத்தது. கத்தியது பேச்சி இல்லை, புலி.

"கதவைத் தொட்ட கை அது! கழுவினீங்களா? கையுறை எங்கே? அந்தக் கதவுல யார் யார் எச்சில் இருக்குமோ, அதை என் வாய்க்குள்ள விடப் பார்க்கிறீங்களே, நீங்கல்லாம் ஒரு டாக்டரா? பேச்சியம்மா, முதல்லேர்ந்து ஆரம்பி!"

டாக்டர் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. அப்புறம் என்ன, அதையும் வேகவைக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து அறையைப் புலியே மேற்பார்வை பார்த்தார். கழுவாத கால் எதுவும் வாசற்படி தாண்டவில்லை. அவர் பல்லோ, ஆறு மாசம் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் கூழ் குடிக்கும்போது தானாக விழுந்தது. வீக்கம் வடிந்தது. காடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"அதான் பல்லு சரியாயிடுச்சே, வேட்டைக்குப் போகலையா?" என்று குரங்கு மரத்து உச்சியில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு கேட்டது.

வரதராசு முகத்தைச் சுளித்தார். "கழுவாத மானையா? சீச்சீ! எங்கெல்லாம் புரண்டிருக்குமோ!"

பேச்சி அதைக் கேட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஓடையில் இறங்கி முங்கி முங்கிக் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டையும் காதைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். சேற்றில் நன்றாக இரண்டு புரட்டுப் புரட்டினாள்.

"இன்னொரு தடவை குளிச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்," என்றாள் அந்தக் காட்டின் மகா சுத்தக்காரி. அப்புறம் சேறும் சகதியுமாக இருந்த இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அன்றைக்கு எந்தச் சொட்டையும் துடைக்கவில்லை.

நீதி: சுத்தம் சோறு போடும், நாமே சோறாகாமல் இருக்க வேண்டுமானால் கொஞ்சம் அழுக்கும் வேண்டும்.